லாபம், ரெண்டு, மூணு

— அந்தப் பூட்டக் கொஞ்சம் கீழ வைங்கய்யா. சத்தம் கேட்டா பிள்ளைக முழிச்சிரும். இப்பத்தான் உப்புமா தின்னுட்டு ஒறங்குதுக.

— முழிக்கட்டுமுங்க அம்மிணி. முழிச்சா அதது ஊட்டுக்குப் போகட்டும். என்ற சாளை, என்ற பூட்டு. எமர்ஜென்சிக் காலத்துல எதுக்கு வம்புன்னு பருத்தி போட்டிருந்த சாளையை ஒழிச்சு பாலவாடிக்குக் குடுத்தன். நாலு மாசம் ஆச்சுங்க. போதும். நாளைக்கு அறுப்புக் கூலி அளக்கோணும், நெல்லு போட எனக்கு எடம் வேணும்.

— ஒங்க வீட்டுக்குப் பின்னால மூணு குதிரு இருக்கு, அதுல ஒண்ணு காலியாவே கெடக்குன்னு நீங்கதான சொன்னீக. நெல்லுக்காக வந்த மாதிரித் தெரியலையேய்யா.

— செரி, ஒடைச்சே சொல்லிப்போடறன். சென்னியப்பனுக்கு மூடி மறைச்சுப் பேசிப் பழக்கமில்லீங்க. நேத்துப் பஞ்சாயத்து ஆபீசுல மீட்டிங்கு. போன வாரம் பிளாக்குல இருந்து ஒரு மேடம் இங்க வந்துட்டுப் போச்சுங்களே, அந்தம்மா எழுதுன ரிப்போர்ட்டை அத்தனை பேர்த்து முன்னாலயும் படிச்சாங்க. எலப்புள்ளி களத்துமேட்டு பாலவாடியில புள்ளைகளுக்கு ஒண்ணுங்கற எண்ணு கூடத் தெரியலையாம். எந்தப் புள்ளையைக் கேட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

— ராமாத்தாள.

— ஆமாங்க. என்ற மக வயித்துப் பேத்தியை. பேரோட எழுதியிருக்குதுங்க அந்தம்மா.

— சிரிச்சாகளாய்யா?

— கேளுங்க அம்மிணி. செங்கோட்டையன்னு ஒருத்தன், வாய்க்கால் தகராறுல அஞ்சு வருசமா எங்கூடப் பேசாதவன். துண்டை வாயில வெச்சுட்டுச் சிரிக்கறான். “சென்னியப்பா, உன்ற பேத்திக்கு ஒண்ணுன்னா என்னன்னு தெரியாதாமே”ங்கறான். அஞ்சு வருசம் பேசாதவன் இதைச் சொல்றதுக்காகப் பேசறானுங்க.

— அது என் தப்புதான்யா. அன்னைக்கே ஒங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்.

— என்னத்தைச் சொல்லுவீங்க? காலையில போனா மண்ணு, மத்தியானம் மண்ணு. பலகை உண்டா, பலப்பம் உண்டா? ஒரு ‘அ’ எழுதச் சொன்னீங்களா? கொட்டாங்குச்சியும் பால்பொடி டின்னும் பொறுக்கிக் குடுத்து மரத்தடியில உட்டுப்போடறீங்க. ஊட்டுக்கு வந்தா அவ காலைக் கழுவறதுக்கே ரெண்டு கொடம் தண்ணி ஆகுதுன்னு என்ற மக கத்தறா. இதுல ஊட்டுச் சாமான் வேற காணாமப் போகுதுங்க. ரெண்டு நாளாத் தலைதட்டுற கோலைத் தேடறன்.

— அது என்ன கோலுய்யா?

— நெல்லு அளக்கற வள்ளம் இருக்குதுங்களே, அதுல நெல்லு குமிஞ்சு நிக்குமல்லங்க. அதை மட்டமா வழிச்சுத் தள்றதுக்கு ஒரு கோலு. பூவரசங்கோலு, எங்கய்யன் காலத்துது. நாளைக்கு அளவு, இன்னைக்கு அது இல்லை. எந்தக் கெரகமோ.

— அப்படியாய்யா... சரி, கோல அப்புறம் தேடுவோம். மொதல்ல ஒண்ணு கேக்குதேன். சாளையப் பூட்டிட்டா ஒங்க பேத்திக்கு வீடிருக்கு, பாக்கதுக்கு ஆளிருக்கு. அந்தா, செவத்தப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்திருக்காளே சின்னத்தாயி, அவ எங்க போவா?

— கருப்பாத்தா மவதானுங்க? நம்ம தோட்டத்து அறுப்புக்கு வர்றவ. ஆத்தாகூடக் காட்டுக்குப் போகட்டும். இத்தனை நாள் போவலீங்களா?

— போனா. வரப்பு மேல புங்கமரத்துல இடுப்போட ஒரு கயித்தக் கட்டிப் போட்டுட்டு அவ அம்மா அறுக்கப் போவா. கெணத்துப் பக்கம் போயிரக் கூடாதுல்லய்யா, வேற என்ன செய்ய. நான் இங்க வந்த மொத நாளு அப்படித்தான் பாத்தேன். அந்தத் தழும்பு இன்னும் இடுப்புல இருக்கு. வேணும்னா காட்டுதேன்.

— வேண்டாமுங்க. தூங்கற புள்ளையை எதுக்கு எழுப்பிட்டு. நான் என்ன, புள்ளைக கெட்டுப் போகட்டும்னா சொல்றன்? சொல்லிக் குடுங்கன்னுதானுங்க சொல்றன். வெளையாடறதுக்கு எதுக்குங்க ஒரு டீச்சரு? சிசிலி டீச்சருன்னு நீங்க வந்தீங்க, படிப்பு வரும்னு நெனைச்சன்.

— இந்த வெரலப் பாருங்கய்யா.

— என்னங்க அது, கோணலா இருக்குது?

— ஒண்ணாங்கிளாசுல வாத்தியாரு ரூல்தடியால அடிச்சது. எங்க வீடு ஏலப்பாறைக்கு மேல, மலையில. அம்மா கொழுந்து கிள்ளப் போயிரும். எங்கள எஸ்டேட்டுப் பிள்ளைக்கொட்டகையில விட்டுட்டுப் போகும். அங்க ஆயாவுக்கு ஒரே கவலை, தொரை வந்தா சத்தம் கேக்கக் கூடாது. நாப்பது பிள்ளைகளும் செவத்தோரமா வரிசையா ஒக்காரணும், கையக் கட்டிட்டு. மண்ணத் தொட்டா அடி. எந்திரிச்சா அடி. அஞ்சு வருசம்யா. அந்தக் கொட்டகையிலயே நல்ல பிள்ளைன்னு பேரு வாங்கினது நாந்தான்.

— நல்ல பேருதானுங்களே வாங்குனீங்க.

— பள்ளிக்கூடத்துக்குப் போனா பலப்பத்தப் பிடிக்கத் தெரியல. வெரலு மடங்க மாட்டேங்குது. கைநெறையாப் பிடிச்சு அழுத்துவேன், ஒடிஞ்சிரும். ஒடிஞ்சதுக்கு ஒரு அடி. நானாச்சும் அழுதுட்டே படிச்சு வந்துட்டேன். என் தங்கச்சி கத்தரீனாள் ஒண்ணாங்கிளாசோட நின்னுட்டா. மந்தம்னு சொல்லி அனுப்பிட்டாக. இப்ப அவளுக்குப் பதினாறு வயசு, அம்மாகூடக் கொழுந்துக்குப் போறா. அவ மந்தம் இல்லய்யா. அஞ்சு வயசு வரைக்கும் அவ கையில யாரும் எதையும் குடுக்கல.

— ...கேக்கறதுக்கே சங்கட்டமா இருக்குதுங்க.

— அதுக்குத்தான் மண்ணு. பிசையட்டும், உருட்டட்டும், டின்னுல அள்ளிக் கொட்டட்டும். வெரலு பழகும்யா. வெரலு பழகினா பலப்பம் ரெண்டு நாளுல வந்துரும். ட்ரெயினிங்குலயும் அததான் சொல்லிக் குடுத்தாக, ஆனா எனக்கு அது முன்னாலயே தெரியும்.

— இருங்க, நான் ஒண்ணு சொல்றன். காளங்கண்ணு வாங்கியாந்த அன்னிக்கே அதை ஏருல பூட்டறதில்லீங்க. வெறும் நொகத்தடியைக் கழுத்துல வெச்சு, களத்தைச் சுத்திச் சும்மா நடத்துவம். அது துள்ளும், படுத்துக்கும், நாங்களும் கூடவே ஓடுவம். பத்து நாள் அப்படி வெளையாட உட்டாத்தான் பதினோராம் நாள் உழவுக்கு நிக்கும். அதையாட்டங்களா?

— அதேதான்யா.

— மாட்டுக்குன்னா தெரியுது பாருங்க எனக்கு. ஆனாலும் அம்மிணி, மண்ணு வந்திருக்குது, ஒண்ணு வரலையே. அதுக்கு என்னங்க பதில்?

— அங்கதான்யா எனக்கே புரியல. மேடம் வந்தாக, பத்துப் புளியங்கொட்டைய முன்னால கொட்டி ராமாத்தாளக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாக. இவ பயப்படாமத்தான் ஒக்காந்தா. மொதக் கொட்டைய எடுத்து அந்தப் பக்கம் வச்சா. வச்சுட்டு, ஒண்ணுன்னு சொல்ல மாட்டேங்குறா. வேற என்னமோ சொல்லுதா.

— என்ன சொன்னா?

— லாபம்னு சொல்லுதா.

— என்னங்க?

— லாபம். அதுக்கப்புறந்தான் ரெண்டு. மேடம் சிரிச்சுட்டு, “லாபம் இல்ல, ஒண்ணு”ன்னு சொன்னாக. இவ திரும்பவும் கொட்டைய எடுத்து லாபம்னா. ஒரு மாசமா நானும் திருத்திப் பாக்குதேன்யா, மண்ணு அளக்கையிலயும் அப்படித்தான், டின்ன எண்ணையிலயும் அப்படித்தான். திருத்தினா எம்மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்கிடுவா. மேடம் அதோட போதும்னு எழுதிட்டாக.

— சித்த இருங்க. ரெண்டுக்கு அப்புறம் என்ன சொன்னா?

— மூணு, நாலு, அஞ்சு... மேடம் பேனாவ மூடிட்டாக, இவ நிறுத்தல. பத்துக் கொட்டையும் அந்தப் பக்கம் போனப்புறந்தான் எந்திரிச்சா. ஏன்யா சிரிக்கீக? மெதுவாச் சிரிங்க, பிள்ளைக முழிச்சிரும்.

— சிரிக்காம என்னங்க பண்றது? அம்மிணி, நீங்க மலைக்காரங்க, அந்த மேடம் பட்டணத்துக்காரங்க. உங்களுக்குத் தெரிய நாயமில்லை. களத்துல நெல்லு அளக்கறப்ப மொத வள்ளத்தை ஒண்ணுன்னு சொல்லவே கூடாதுங்க. லாபம்னு சொல்லித்தான் கொட்டோணும். மகாலட்சுமி ஊட்டுக்கு வர்றா, அவளை ஒத்தையா ஒண்ணுன்னா எண்ணுவாங்க? லாபம், ரெண்டு, மூணு. எங்கய்யன் அப்படித்தான், அவரோட அய்யனும் அப்படித்தான். இந்தக் கெழக்கால எந்தக் களத்துக்குப் போனாலும் அப்படித்தானுங்க.

— மாதாவே. அப்ப அவ சரியாத்தான் எண்ணியிருக்கா.

— சரியாவா? சம்சாரி ஊட்டுப் புள்ளையாட்டம் எண்ணியிருக்கா.

— நான் பாவி, ஒரு மாசமா அவளத் தப்பு தப்புன்னு சொல்லியிருக்கேனே. எங்க மலையில கொழுந்தத் தராசுல தொங்கவிட்டுக் கிலோதான்யா பாப்பாக. லாபம்னு ஒரு எண்ணு இருக்கது எனக்கெப்படித் தெரியும்? முழிச்சதும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.

— அதெல்லாம் உடுங்க. எத்தனை வரைக்கும் எண்ணுவா?

— நேத்து முப்பத்தேழு டின்னு மணல் அளந்தா. முப்பத்தெட்டுக்கு மணல் பத்தல.

— முப்பத்தேழுங்களா?

— நடுவுல ஒண்ணும் விடலய்யா. நான் கூடவே எண்ணிட்டுத்தான் இருந்தேன்.

— கேளுங்க அம்மிணி. செங்கோட்டையன் பேரன் கான்வென்டுக்குப் போறான், கழுத்துல டையி, காலுல பூட்சு. ஏ பி சி டி பாடறான். எருமைக்கு எத்தனை காலுன்னு கேட்டனுங்க, அவங்க அம்மா மூஞ்சியைப் பாக்கறான். என்ற பேத்தி முப்பத்தேழு. நாளைக்கழிச்சு நானே பிளாக்குக்குப் போறன். வெள்ளைத்தாளுல அபேட்சை எழுதிக் குடுக்கறன், ரிப்போர்ட்டைத் திருத்துங்கன்னு. செங்கோட்டையன் முன்னாலயே அதைப் படிக்கோணும்.

— அப்ப அந்தப் பூட்டு?

— பூட்டு கெடக்குது. கதவு காத்துக்கு அடிச்சுக்குமல்லங்க, நாய் நொழைஞ்சு உங்க டின்னையெல்லாம் உருட்டும். அதுக்குத்தான் கொண்டாந்தன்னு வெச்சுக்குங்க. இந்தாங்க சாவி, நீங்களே வெச்சுக்குங்க.

— சந்தோசம்யா. நெசமாச் சொல்லுதேன், ஒங்கள பூட்டோட வாசல்ல பாத்ததும் இன்னையோட முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

— அது செரி, இத்தனையும் எப்படிங்க சொல்லிக் குடுத்தீங்க? பலகை இல்லாம?

— நான் எதுவும் சொல்லிக் குடுக்கலய்யா. பிள்ளைகளா ஒரு வெளையாட்டு வெளையாடுதுக. அதுலதான்.

— என்ன வெளையாட்டுங்க?

— அது... சின்னப் பிள்ளைக வெளையாட்டு. அத எதுக்குய்யா ஒங்களுக்கு.

— சொல்லுங்க அம்மிணி. பிளாக்குல கேட்டா நான் சொல்லோணுமல்லங்க. என்ற பேத்தி எப்படி முப்பத்தேழு படிச்சான்னு நான் தெரிஞ்சுக்கக் கூடாதா?

— களத்து வெளையாட்டுய்யா. மணல்தான் நெல்லு. பால்பொடி டின்னுதான் வள்ளம். வேப்பமர நெழலுதான் களம். ஒருத்தரு பண்ணாடி, மத்தவுக அறுப்புக்காரக. பாவாடைய விரிச்சுப் பிடிச்சுட்டு வரிசையா வந்து நிக்கும், பண்ணாடி ஆளுக்கு இத்தனைன்னு எண்ணி அளந்து போடணும்.

— பண்ணாடி தாரு?

— வேற யாரு, ராமாத்தாதான். இடுப்புல துண்டக் கட்டிக்கிடுவா. கனைச்சுட்டுத்தான் ஆரம்பிப்பா.

— நான் கனைக்கறனுங்களா?

— இப்பக்கூடக் கனைச்சீக.

— அட. செரி, அப்புறம்?

— அப்புறம் என்ன, அளப்பா, எண்ணுவா. அவ்வளவுதான்யா.

— அவ்வளவுதானா? எதையோ முழுங்கறீங்க அம்மிணி. பயப்படாமச் சொல்லுங்க.

— செவ்வாக்கெழம ஒரு சண்டை வந்துச்சு. ராமாத்தாளுக்கும் சின்னத்தாயிக்கும்.

— புள்ளைகன்னா சண்டை வரும். எதுக்குச் சண்டை?

— ராமாத்தா டின்ன நெறச்சு, மேல கோபுரமாக் குமிச்சு, சின்னத்தாயி மடியில கொட்டினா. சின்னத்தாயி மடிய ஒதறிட்டா. வெளையாட்டு தப்பு, ஒழுங்கா வெளையாடுன்னு சொல்லிட்டா. “ஒங்க அப்புச்சி கூலிக்கு அளந்தா தலை தட்டித்தான் அளப்பாரு. கோபுரம் ஒங்க குதிருக்கு மட்டுந்தான். எங்கம்மா மடியில கொட்டுனத நான் பாத்தேன்”னா.

— கருப்பாத்தா மவளா அப்படிச் சொன்னா?

— இதுக்குத்தான்யா வேண்டாம்னேன்.

— ராமாத்தா அதுக்கு என்ன சொன்னா?

— பொய்யின்னா. எங்க அப்புச்சி எல்லாத்துக்கும் கோபுரமாத்தான் அளப்பாருன்னா. அவ இல்லைங்குறா, இவ ஆமாங்குறா, ரெண்டும் முடியப் பிடிச்சுக்கிருச்சு. நான் வெலக்கி விட்டுட்டு, எனக்கும் தெரியாது, வீட்டுக்குப் போயி அப்புச்சிகிட்டயே கேளுன்னு அனுப்பினேன்.

— ஓ. அதுக்குத்தானா. ரெண்டு நாளா மடியில ஏறி உக்காந்துட்டு, “அப்புச்சி நீங்க எப்படி அளப்பீங்க, அப்புச்சி நீங்க எப்படி அளப்பீங்க”ன்னு நச்சரிச்சா. வெத்தலை போட்டுட்டு இருந்தன், “வள்ளத்துலதான் சாமி”ன்னு சொன்னன்.

— அவ வந்து அதத்தான் சொன்னா. வள்ளத்துலதான் அளப்பாராம்னு. சின்னத்தாயிக்கு அந்தப் பதிலு பத்தல.

— அந்தச் சாவியைக் குடுங்க.

— ஐயா.

— குடுங்க அம்மிணி. எண்ணச் சொல்லிக் குடுங்கன்னா, என்ற களத்து அளவை நாலு வயசுப் புள்ளைக உக்காந்து நாயம் பேசுதுகளா? இன்னைக்கு மரத்தடியில பேசும், நாளைக்கு ஊரே பேசும். எல்லாரும் தலை தட்டித்தானுங்க அளக்கறது. நானா கண்டுபுடிச்சன்? செங்கோட்டையன் கட்டை வெரலை வள்ளத்துக்குள்ள உட்டு அளக்கறான். நான் அதுகூடப் பண்றதில்லை.

— இந்தாங்க சாவி. ஒங்க சாளை, நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் மறைச்சிருக்கலாம்யா. முப்பத்தேழோட நிறுத்தியிருந்தா நீங்க சிரிச்சுட்டே போயிருப்பீக. நீங்க கேட்டீக, நான் சொன்னேன்.

— சொல்லாமயே இருந்திருக்கலாம்.

— எங்கம்மா கூடையத் தராசுல தொங்கவிடையில, கொழுந்துல ஈரம் இருக்குன்னு சொல்லி ரெண்டு கிலோ கழிப்பாக. கோடை வெயிலுல, கையில எடுத்தா மொறுமொறுங்குற கொழுந்துய்யா, அதுலயும் ஈரம். நான் அம்மா சேலையப் பிடிச்சுட்டுப் பாத்துட்டே நிப்பேன். என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல, நானும் யார்கிட்டயும் சொல்லல. செவத்தோரமாக் கையக் கட்டி ஒக்கார வச்சாலும் பிள்ளைக எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்கும். வெளையாட விட்டா வெளிய சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்.

— கருப்பாத்தா எங்கிட்ட ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்களே.

— சொன்னா மறுநாளு வேலைக்குக் கூப்பிடுவீகளா?

— ...ராமாத்தா என்னைய நம்புறாளுங்களா?

— எதய்யா?

— நான் கோபுரமா அளப்பன்னு.

— நம்பணும்னு ஆசைப்படுதா. நாளைக்குக் கூலி அளக்கையில களத்துக்கு வந்து பாருன்னு சின்னத்தாயிகிட்டச் சொல்லிட்டா. அவகிட்ட மட்டுமில்ல, இங்க இருக்க பன்னெண்டு பிள்ளைகளும் நாளைக்கு அங்க வருதுக. வரக்கூடாதுன்னு சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்குதுக.

— நாளைக்கா?

— நாளைக்குத்தான். அதுக்கு அவ ஒரு ஏற்பாடும் செஞ்சு வச்சிருக்கா.

— என்ன ஏற்பாடு?

— இன்னைக்குக் காலையில மணல ஒதுக்கையில எங்கால்ல ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. ஒரு மொழ நீளம், வழவழன்னு ஒரு குச்சி. ஒங்க பூவரசங்கோலா இருக்கணும். அவதான் ஒங்க வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து, மணலுக்கடியில பொதச்சு வச்சிருக்கா. எதுக்குடின்னு கேட்டேன். இது இல்லன்னா அப்புச்சிக்குத் தலை தட்ட முடியாதுல்ல டீச்சருன்னா.

— அப்படின்னா அவளுக்குத் தெரியுமுங்க.

— தெரியும் போலய்யா. அவளும் எங்கயாச்சும் பாத்திருப்பா.

— தெரிஞ்சுட்டே என்னைய உட்டுக் குடுக்காம முடியைப் புடிச்சுச் சண்டை போட்டிருக்கா.

— ஆமாய்யா.

— அம்பத்தாறு வயசாச்சுங்க எனக்கு. எனக்காக இப்படி ஒருத்தரும் சண்டை போட்டதில்லை.

— அழாதீகய்யா. தண்ணி தரட்டுமா?

— வேண்டாமுங்க. கண்ணுல தூசி. உங்க சாளை முழுக்க மண்ணுதானுங்களே... முழிச்சுட்டாளா?

— இல்ல, நல்லா ஒறங்குதா. கையில இன்னும் மண்ணு ஒட்டியிருக்கு. சின்னத்தாயி பாவாடையப் பிடிச்சுட்டே தூங்குதா. சண்டையெல்லாம் அன்னைக்கே தீந்து போச்சு, அந்த ஒண்ணத் தவிர.

— சாவியை நீங்களே வெச்சுக்குங்க அம்மிணி. இனி அதைத் திருப்பிக் கேக்க மாட்டன். அந்தக் கோலு இப்ப எங்கீங்க?

— இந்தா, கதவுக்குப் பின்னாலதான் வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்கய்யா, நாளைக்கு அளவுக்கு வேணும்ல.

— வேண்டாமுங்க. அவ முழிக்கறதுக்குள்ள, எடுத்த எடத்துலயே பொதைச்சு வெச்சுருங்க. நாளைக்குக் களத்துல எல்லார்த்து முன்னாலயும் நான் அதைத் தேடுவன், கெடைக்காதுங்க.